சிங்கப்பூர் பெயர் சுமக்கும் மஞ்சள் பூ

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குவின்ஸ்லாந்து என்று ஒரு மாநிலம் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம் அது. அங்கே விற்கக் கூடாத, பிறருக்குக் கொடுக்கக் கூடாத செடிகள் இவை என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் 'சிங்கப்பூர் டெய்சி' என்று ஒரு பெயர் காணப்படுகிறது. டெய்சி என்பது சாமந்திச் சாயலுள்ள சிறு பூவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். அப்படியானால் சிங்கப்பூரில் பிறந்த பூவா அது? இல்லை. அதன் பிறந்த வீடு மெக்சிகோவிலிருந்து தென்அமெரிக்கா வரையிலும், மேற்கிந்தியத் தீவுகளிலும் பரந்து கிடக்கிற வெப்பநாடுகள்.

சிங்கப்பூரில் பிறக்காத செடி சிங்கப்பூர் பெயரோடு இன்னொரு நாட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது? இந்தக் கதையில் தோட்டத்து மண்ணுக்கும் தோட்டத்து மக்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவேதான் இன்றைய பேச்சுக்கு இதை எடுத்துக் கொண்டோம்.

முதலில் செடியை அடையாளம் கண்டு கொள்வோம். சாலை ஓரத்திலும் கால்வாய்க் கரையிலும் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். தரையோடு தரையாகப் படர்ந்து, பச்சைக் கம்பளம் விரித்தது போல் கிடக்கும். இலை தடித்துப் பளபளப்பாக இருக்கும். பெரும்பாலான இலைகளில் நுனியை நோக்கி இருபுறமும் இரண்டு மடல்கள் நீண்டு, நடுமடலோடு சேர்ந்து மூன்றாகத் தெரியும். அந்தக் கம்பளத்துக்கு மேலே ஓர் அங்குல அகலத்தில் மஞ்சள் பூக்கள் தலை நீட்டிக் கொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் பூக்கும். 1759ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். மூன்று மடல் கொண்டது என்னும் பொருளில் 'டிரைலொபேட்டம்' என்ற சொல்லை அப்பெயரில் வைத்தார். பிற்காலத்தில் 'வெடேலியா' என்ற இனத்தில் சேர்த்தார்கள். 1996இல் 'ஸ்பாக்னெட்டிகோலா' என்று மாற்றிவிட்டார்கள். பெயர் மாறினாலும் தோட்டக்காரர்கள் வாயில் வெடேலியாவே நிற்கிறது. நாமும் அப்படியே சொல்வோம்.

சூரியகாந்தி, சாமந்தி, கேந்தி எல்லாம் இதற்கு உறவு. இந்தக் குடும்பத்தில் 30,000க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இவற்றின் பூவில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முறையையே நாங்கள் இன்றும் வகுப்பில் கையாளுகிறோம். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பூவைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வோம். நடுவிலே மொட்டுப் போல் நெருங்கி நிற்பவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. சுற்றிலும் இதழ் போல் தெரிவதும் ஒவ்வொன்றும் ஒரு பூ. ஒரு பூ என்று நாம் பறித்தது ஒரு பூக்கூட்டம்! வீட்டில் கேந்திப் பூ இருந்தால் பிள்ளைகளை இப்போதே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேந்தியைச் சொன்னதும் சிராங்கூன் சாலைப் பூக்கடைகள் நினைவுக்கு வருகின்றன. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சாமிக்கும் மாப்பிள்ளைக்கும் கட்டித் தொங்கும் மாலைகளில் பாதி கேந்திதானே? அந்தக் கேந்தியும் மெக்சிகோ நாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்ததே. அதை நாம் அந்நியம் என்று நினைப்பதில்லை. மரவள்ளி அப்படி வந்தது; மிளகாய் அப்படி வந்தது. தென்அமெரிக்காவில் தோன்றிய நிலக்கடலையைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் மணிலாக்கொட்டை என்பார்கள். மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம். கடலை அங்கே பிறக்கவில்லை. ஆனாலும் அந்தத் துறைமுகத்தின் பெயர் அதன்மேல் ஒட்டிக் கொண்டது. செடிக்கு ஊர்ப்பெயர் வைக்கிறவர்கள் பிறந்த ஊரை விசாரித்து வைப்பதில்லை. எந்த ஊரோடு சேர்த்து அதைக் கேள்விப்பட்டார்களோ அந்த ஊரை வைத்துவிடுவார்கள். சிங்கப்பூர் டெய்சி என்ற பெயரையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

இனி மண்ணுக்கு வருவோம். சிங்கப்பூரின் வடமேற்கில் சுவா சூ காங் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜொகூர் பாலத்தைக் கடந்து உறவினர் வீட்டுக்குப் போகிற நம்மவர் பலருக்குத் தெரிந்த இடம். இன்று அடுக்குமாடி வீடுகளும் ரயில் நிலையமும் கடைத்தொகுதிகளும் நிறைந்த நகரம். ஆனால் அந்த மண் பார்த்த பயிர்களை வரிசைப்படுத்தினால், நம் தோட்டங்களின் வரலாறே கண்முன் வந்து நிற்கும்.

சுவா என்பது சீனர்களில் தியோச்சூ வகுப்பாரின் ஒரு குலப்பெயர். காங் என்றால் ஆறு, ஆற்றுத்துறை. 19ஆம் நூற்றாண்டில் தியோச்சூ மக்கள் ஆறுகளின் வழியே உள்ளே புகுந்து, காட்டை அழித்து, காம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். ஒவ்வோர் ஆற்றுத்துறைக்கும் ஒரு தலைவன். அவனைக் காங்சூ என்பர். சுவா குலத்தார் வீடு கட்டி வாழ்ந்த துறை சுவா சூ காங் ஆயிற்று. காம்பீர் என்பது என்னவென்று இளைஞர்களுக்குத் தெரியாது. அதன் இலையைக் கொதிக்க வைத்துக் காய்ச்சி எடுக்கும் சத்து, வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி போன்றது. தோல் பதனிடவும் சாயம் போடவும் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. அதைக் காய்ச்ச விறகு வேண்டும். ஆகவே காம்பீர்த் தோட்டத்தைச் சுற்றியிருந்த காடும் அடுப்புக்குப் போனது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் களைத்துவிடும். தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்து விடுவார்கள்.

விட்டுச் சென்ற நிலத்தில் என்ன முளைக்கும்? லாலாங். அந்தப் புல்லைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மேலே வெட்டினால் கீழே வேர் சிரிக்கும். 1883இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த கேன்ட்லி என்பவர், காடுகள் இப்படி அழிந்து போனதைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் பிறகே ஒதுக்குக் காடுகள் ஏற்பட்டன.

பிறகு ரப்பர் வந்தது. 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பிரேசில் நாட்டு மரம். 1888இல் தாவரவியல் தோட்டத்துக்குத் தலைமை ஏற்ற ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்ததற்கும், நாம் இந்த மண்ணில் பேசிக் கொண்டிருப்பதற்கும் அந்த 22 கன்றுகள் ஒரு காரணம். சிங்கப்பூரின் வடபகுதியிலும் ரப்பர் எழுந்தது. கன்று சிறிதாக இருக்கையில் இடையிலே அன்னாசி போட்டார்கள். அன்னாசியும் தென்அமெரிக்காவின் பிள்ளையே. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, உயிரைக் காத்த மரவள்ளியும் அப்படித்தான். சண்டைக்குப் பிறகு சுவா சூ காங்கில் காய்கறித் தோட்டங்கள், கோழிப் பண்ணைகள், பன்றிப் பண்ணைகள் பெருகின. 1980களில் பன்றி வளர்ப்பை அரசாங்கம் படிப்படியாக நிறுத்தியது. அதே பத்தாண்டில் புதுநகரம் எழத் தொடங்கியது. 1990 மார்ச்சு மாதத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பக்கத்திலுள்ள தெங்கா பகுதியில், புதர்க்காடு மண்டிக் கிடந்த நிலத்தில், 2016இல் அறிவித்த இன்னொரு நகரம் இப்போது எழுந்து கொண்டிருக்கிறது. அதன் வட்டாரம் ஒன்றுக்கு 'பிளாண்டேஷன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டம் போய்விட்டது, பெயர் மின்தூக்கி வைத்த கட்டடங்களில் குடியேறிவிட்டது!

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மண் திறக்கப்பட்டது. காடு போய்க் காம்பீர், காம்பீர் போய் லாலாங், பிறகு ரப்பர், பண்ணை, கட்டடம். திறந்த மண் வெப்பநாட்டு மழையில் நிற்காது; கரைந்து ஓடிவிடும். அதைத் தோட்ட முதலாளிகள் தாமதமாகக் கற்றுக் கொண்டார்கள். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர் மரத்தடியில் ஒரு புல் கூட இருக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். துரை வந்து பார்க்கும்போது தரை துடைத்து வைத்தது போல் இருக்க வேண்டும். மண்வெட்டியும் கையுமாகக் குனிந்த முதுகு நிமிராமல் களை எடுத்தவர்கள் நம்மவர்கள். மரத்துக்கு நல்லது என்று எண்ணிச் செய்த அந்த வேலை, மேல்மண்ணை மழையோடு ஆற்றுக்கு அனுப்பி வைத்தது. அதன் பிறகே மூடுபயிர் என்ற யோசனை பரவியது. அவரைக் குடும்பத்துக் கொடிகளை மரத்தடியில் படரவிட்டார்கள். புவேரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்பவை அவை. அவை மண்ணைப் பிடித்துக் கொள்ளும். வேரில் இருக்கும் முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாகக் கொடுக்கும். நல்ல யோசனைதான்.

ஆனால் மூடுபயிராக எது கிடைத்தாலும் போதும் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். மிக்கானியா என்று ஒரு கொடி. வெடேலியாவின் உறவு, அதே சாமந்திக் குடும்பம், அதே அமெரிக்கப் பிறப்பு. ஒரு நிமிடத்தில் ஒரு மைல் ஓடும் கொடி என்று ஆங்கிலத்தில் அதற்குப் பட்டப்பெயர். 1949இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு அதை வரவழைத்தார்கள். 1956 வாக்கில் அங்கே ரப்பர்த் தோட்டங்களில் தரையை மூட அதைப் பயன்படுத்தினார்கள். அது தரையை மூடியதோடு நிற்கவில்லை. கன்றின் மேல் ஏறியது; வெயிலை மறைத்தது. அவரைக் கொடி படர்ந்த இடத்தில் வளர்வது போல் மிக்கானியா படர்ந்த இடத்தில் ரப்பர் வளர்வதில்லை என்பதை மலேசியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. மலாய்க்காரர்கள் அதற்கு 'செலாப்புட் துங்குல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடிக்கட்டையை மூடும் போர்வை என்று பொருள் கொள்ளலாம். என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்!

இந்தக் களைகளோடு மல்லுக்கு நின்றவர்கள் யார்? மண்வெட்டி போய் மருந்து வந்தது. முன்பு லாலாங்குக்குச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சை அடித்தார்கள். 1960களில் பாராகுவாட் வந்தது. முதுகிலே மருந்துப் பெட்டியைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பகுதியினர் நம் தாய்மார்கள். பெட்டி ஒழுகி முதுகு புண்ணாவதும், நகம் கழன்று விழுவதும், மூக்கிலிருந்து இரத்தம் வருவதும் தோட்டத்தில் புதிய செய்திகள் அல்ல. தெனகானித்தா என்ற பெண்கள் அமைப்பு பிற அமைப்போடு சேர்ந்து இதை விசாரித்து 2002இல் வெளியிட்டது. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! தரையை மூட ஒரு கொடி வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தவர் ஒருவர். அந்தக் கொடியை அடக்கத் தன் தோலையும் நுரையீரலையும் விலையாகக் கொடுத்தவர் வேறொருவர். களையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாமவரை எழுதுவதில்லை. நமக்கு அது குறையாகவே படுகிறது.

மீண்டும் சிங்கப்பூருக்குப் போவோம். 1963 ஜூன் மாதத்தில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஒரு மரத்தை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1967இல் சிங்கப்பூரைப் பூங்கா நகரமாக்குவோம் என்று அறிவித்தார்கள். 1971 நவம்பர் 7ஆம் நாள் முதல் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. சாலைகள், மேம்பாலங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் வேகமாக எழுந்த காலம் அது. எங்கு பார்த்தாலும் வெட்டிய செம்மண் சரிவு. மரம் நிழல் கொடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மண்ணைப் பிடிக்க மலிவான, வேகமான, பராமரிப்புக் கேட்காத, பார்வைக்கும் அழகான ஒரு தரைச்செடி தேவை.

வெடேலியாவின் சாதகத்தைப் பாருங்கள். வெயிலிலும் வளரும், பாதி நிழலிலும் வளரும். தண்ணீர் தேங்கினால் சாகாது, வறண்டாலும் தாங்கும். கடற்கரை உப்புக் காற்றையும் பொறுக்கும். விதை வாங்க வேண்டியதில்லை. ஒரு சாண் தண்டை ஒடித்து ஈரமண்ணில் போட்டால் போதும். ஒவ்வொரு கணுவிலிருந்தும் வேர் இறங்கும். மஞ்சள் பூ வேறு. தோட்டக்கலை அதிகாரி ஒருவர் கனவு கண்டு உருவாக்கியது போன்ற செடி! சிங்கப்பூரில் மட்டுமா? ஹவாய், ஃபீஜி, சமோவா, தொங்கா என்று பசிபிக் தீவுகளில் வீட்டு முற்றத்துக்கும் உல்லாச விடுதிகளுக்கும் சாலைச் சரிவுக்கும் இதையே நட்டார்கள்.

இப்போது அதே சாதகத்தை இன்னொரு முறை படியுங்கள். வெயில், நிழல், ஈரம், வறட்சி எதற்கும் அஞ்சாது. ஒடிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. வரம் என்று சொன்ன ஒவ்வொன்றும் சாபமாகப் படிக்கப்படுகிறது அல்லவா? புல்வெட்டும் இயந்திரம் அதன் மேல் ஓடினால், செடி நூறு துண்டாகச் சிதறும். அந்தத் துண்டுகள் சக்கரத்தில் ஒட்டியும், மழைநீரில் மிதந்தும், கட்டுமான மண்ணோடு லாரி ஏறியும் அடுத்த இடத்துக்குப் போகும். வீட்டுத் தோட்டத்தைக் கழித்துக் காட்டோரத்தில் கொட்டினால், அங்கேயே குடித்தனம் தொடங்கும். முதிர்ந்த விதை இதற்கு மிகக் குறைவு, தேவையும் இல்லை. முழங்கால் உயரத்துக்குப் படுக்கை போல் மண்டிவிட்டால், அதன் அடியில் வேறொரு விதை முளைத்து வெளிச்சம் பார்ப்பது கடினம். போதாக்குறைக்கு, இதன் இலையிலும் வேரிலும் உள்ள சில பொருள்கள் பக்கத்துச் செடிகளின் முளைப்பை அடக்குகின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்.

பெரிய நிலப்பரப்பில் ஒரு செடி பரவினால் மற்றச் செடிகள் ஒதுங்க இடம் இருக்கும். தீவில் ஒதுங்க இடம் எது? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். பல நூறாயிரம் ஆண்டுகள் தனித்து வளர்ந்த தீவுச் செடிகளுக்குப் போட்டி பழக்கமும் இல்லை. ஆகவேதான் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த வல்லுநர் குழு 2000இல் வெளியிட்ட, மிக மோசமான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் வெடேலியாவும் இடம்பெற்றது. மிக்கானியாவும் அதில் உண்டு. மலாய்க்காரர் வானூர்திச் செடி என்னும் பொருளில் 'பொக்கோக் காப்பால் தெர்பாங்' என்று அழைக்கும் குரோமொலேனாவும் உண்டு. மூன்றும் சாமந்திக் குடும்பம். மூன்றும் அமெரிக்கப் பிறப்பு. நம் பழைய பகையாளி லாலாங்கும் அதே பட்டியலில் இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்து அமெரிக்கச் செடிகளே பொல்லாதவை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பழந்தமிழ் நூல்களில் மணக்கும் குருக்கத்தி, மாதவி என்றும் சொல்வோமே, அதுவும் அந்த நூறில் ஒன்று. நம் நாட்டிலிருந்து மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் போய், அந்தத் தீவுகளின் காட்டு மரங்களை ஏறி அமுக்கிக் கொண்டிருக்கிறது. அங்கே கரும்பு வெட்டப் போன தமிழரைப் போலவே அதுவும் கடல் கடந்து போன ஒன்று. தன் வீட்டில் அடக்கமாக இருப்பது, கண்டிக்க ஆளில்லாத வீட்டுக்குப் போனதும் ஆட்டம் போடுகிறது. பிறந்த ஊரில் ஒரு செடியைத் தின்னும் புழுவும் பூச்சியும் பூஞ்சையும் இருக்கும். கப்பலில் செடி மட்டும்தானே ஏறுகிறது! இதை உணர்ந்துதான் மிக்கானியாவுக்கு அதன் தாய்நாட்டுத் துருப்பூஞ்சையையே தேடிக் கொண்டுவந்து, பலகாலம் சோதித்து, 2008 வாக்கில் பாப்புவா நியூகினியில் பரவவிட்டார்கள்.

இனி நம் சமையலறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நேராக வருகிற ஒரு செய்தி. இதை நேயர்கள், குறிப்பாகப் பாட்டிமார்கள், காது கொடுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

வெடேலியாவைக் கண்டதும் நம்மவர் பலர், "அடடே, மஞ்சள் கரிசலாங்கண்ணி!" என்று மகிழ்ந்து கை வைக்கிறார்கள். தோட்டத்தில் லயத்துக் கால்வாய் ஓரமாக மடி நிறையப் பறித்துப் போகிறவர்களை நாங்களும் பார்க்கிறோம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இளைஞர்களும் இப்படி எண்ணுவதுண்டு; தமிழ்நாட்டில் இதை அழகுக்காக வளர்க்கும் வீடுகளிலும் இதே மயக்கம் இருக்கிறது. மயங்குவதில் வியப்பும் இல்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணி இதன் உடன்பிறப்புப் போன்றது. தாவரவியலார் இரண்டையும் ஒரே இனத்தில் வைத்திருக்கிறார்கள். சித்த மருத்துவர் பொற்றலைக் கையாந்தகரை என்று சொல்லும் மூலிகை அது. இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா ஆகியவற்றில் இயற்கையாக ஈர நிலங்களில் வளர்வது. கரிசலாங்கண்ணியை வடலூர் வள்ளலார் பெரிதும் போற்றியதால் நம் வீடுகளில் அதற்கு ஒரு தனி மரியாதை.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கரிசலாங்கண்ணிக்குச் சொன்ன குணங்களை வெடேலியாவுக்கும் உண்டு என்று எடுத்துக் கொள்ள முடியாது. வேறுபாட்டைச் சொல்கிறோம், பிள்ளைகள் குறித்துக் கொள்ளட்டும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியது, தடவினால் சொரசொரக்கும், இருபுறமும் மடல் பிரியாது. வெடேலியாவின் இலை அகலம், பளபளப்பு. மூன்று மடல் தெரியும். நிழலில் வளர்ந்த கொடியிலும் இளந்தளிரிலும் மடல் சரியாகத் தெரியாமல் போவதுண்டு. ஆகவே ஓர் இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், கொடியில் பத்து இலையாவது புரட்டிப் பாருங்கள். ஐயம் இருந்தால் வாயில் வைக்க வேண்டாம். சாலை ஓரத்திலும் தோட்டத்துப் பாதையிலும் வளர்ந்தது என்றால், அது எந்தச் செடியானாலும், களைமருந்து பட்டிருக்கக் கூடும். நல்ல கரிசலாங்கண்ணியாகவே இருந்தாலும் அங்கே பறிக்கக் கூடாது.

இதில் வருத்தமான மற்றொரு செய்தியும் உண்டு. தென்சீனாவில் வெடேலியா பரவிய இடங்களில் மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒதுங்கிப் போகிறது. இரண்டும் கலந்து பிறந்த கலப்புச் செடிகளையும் அங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். வந்த உறவு வீட்டுப் பெண்ணின் இடத்தையும் பிடித்து, பெயரையும் எடுத்துக் கொள்கிறது. நம் பேரப்பிள்ளைகள் மஞ்சள் கரிசலாங்கண்ணி எது என்று கேட்டால், காட்டுவதற்கு அசல் செடி கையில் இருக்க வேண்டும். பள்ளித் தோட்டத்தில் தொட்டி வைத்து, தெரிந்த வைத்தியரிடம் வாங்கிய அசல் கரிசலாங்கண்ணியை ஒரு பக்கமும் வெடேலியாவை ஒரு பக்கமும் வளர்த்துக் காட்டலாம். வெடேலியாத் தொட்டி சிமெண்டுத் தரையில் இருக்கட்டும். மண்ணில் வைத்தால் அடுத்த பருவத்தில் பள்ளித் தோட்டமே அதனுடையது.

ஒழிக்க வேண்டும் என்றால் எப்படி? லயத்து முற்றம், காய்கறிப் பாத்தி போன்ற சிறு இடமாக இருந்தால் மருந்தைத் தேட வேண்டாம். நல்ல மழை பெய்து மண் இளகியிருக்கும் மறுநாள் காலையில் கையால் பிடுங்குங்கள். கொடியை இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். ஒவ்வொரு கணுவின் அடியிலும் சிறு மண்வெட்டியை விட்டு வேரோடு கிளப்ப வேண்டும். பிடுங்கியதை அப்படியே வேலி ஓரம் வீசக் கூடாது. ஆற்றிலோ கால்வாயிலோ தள்ளவே கூடாது. கெட்டியான குப்பைப் பையில் திணித்து, வாயைக் கட்டி, வெயிலில் பல வாரம் போட்டு வையுங்கள்; பச்சை முழுவதும் போய் மக்கிய பிறகு குப்பையில் சேர்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்து, புதிதாக எழுந்த துளிரை எடுக்க வேண்டும். சில மாதம் விடாமல் செய்ய வேண்டியிருக்கும். வெறும் மண்ணாக விட்டுவிட்டால் மழை அரிக்கும், களை திரும்ப வரும். பாத்தி ஓரமானால் தட்டைப்பயறு போடுங்கள். கறிக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும்.